கெட்டி மெத்தை மாடல் நின்னு போச்சு, புதுசுல இடுப்பு இறங்குது, முதுகு வேர்க்குது: எந்த அறிகுறிக்கு எதைப் பாக்கணும்

வருஷக்கணக்கா படுத்துப் பழகின கெட்டி மெத்தை அமுங்கிப் போச்சு, அதே மாடல் வாங்கலாம்னு பாத்தா கம்பெனி அதை நிறுத்திட்டாங்க, சரின்னு "ஃபர்ம்", "கூலிங்"னு ரெண்டும் எழுதியிருக்கிற புதுசு ஒண்ண வாங்கிப் போட்டா இடுப்பு உள்ள போகுது, ராத்திரி முதுகு வேர்த்து ஊத்துது. இந்த ரெண்டு புகாரும் நிறைய பேருக்கு சேர்ந்தேதான் வருது, ஏன்னா ரெண்டுக்கும் வேர் ஒண்ணு: உடம்பு மெத்தைக்குள்ள எவ்ளோ ஆழம் இறங்குதுங்கறது. ஆழமா இறங்கினா முதுகெலும்பு வளையும், அதோட பக்கவாட்டுல ஃபோம் சுத்தி அணைச்சுக்கிட்டு காத்து போக வழி இல்லாம பண்ணிடும். பழைய மெத்தை உங்களுக்கு ஜில்லுனு இருந்ததுக்கு அதுல எந்த கூலிங் ஜெல்லும் இருந்திருக்காது, நீங்க அதுக்குள்ள இறங்காம மேல படுத்திருந்தீங்க, அவ்ளோதான். அதனால கீழ எந்தக் கோளாறப் பாத்தாலும் முதல் கேள்வி "எவ்ளோ இறங்குது, எந்த லேயர்ல இறங்குது"தான்.

"அதே மாடல் எங்க தேடியும் கிடைக்கல"

பேர வச்சுத் தேடறத விட்டுடுங்க. மெத்தைல பேர் ரொம்ப ஏமாத்தும், அதே பேர்ல உள்ள இருக்கிற லேயர மாத்தி விப்பாங்க, இல்லன்னா அதே லேயர வேற பேர்ல வேற கடைக்குக் குடுப்பாங்க. நீங்க தேட வேண்டியது உள்ள என்ன இருந்துச்சுங்கறத, அதனால புதுசு வர்றதுக்கு முன்னாடி பழசத் தூக்கிப் போட்டுடாதீங்க, அது தான் உங்ககிட்ட இருக்கிற ஒரே அளவுகோல். ஓரத்துல தைச்சிருக்கிற லேபிளப் பாருங்க, வாரண்டி கார்டு இருந்தா எடுங்க, கவர்ல ஜிப் இருந்தா திறந்து பக்கவாட்டுல எத்தன லேயர், ஒவ்வொண்ணும் எத்தன இன்ச்னு ஸ்கேல் வச்சு அளந்து போட்டோ எடுத்து வச்சுக்கங்க. நார் மாதிரி பிரவுனா இருந்தா ரப்பர் கலந்த தேங்காய் நார், பல கலர் துண்டு துண்டா அழுத்தி ஒட்டினது மாதிரி இருந்தா ரீபாண்டட் ஃபோம், வெள்ளையா அல்லது லேசான மஞ்சளா ஊசி ஊசியா ஓட்டை இருந்தா பெரும்பாலும் லேடெக்ஸ், அதாவது ரப்பர் ஃபோம்.

லேபிள் கிழிஞ்சு போயிருந்தா எடை போட்டுப் பாருங்க. மெத்தைய நிமித்தி எடை மெஷின் மேல நிறுத்தி எடை எடுத்து, நீளம் அகலம் உயரம் மூணையும் மீட்டர்ல பெருக்கி வர்றதால வகுத்தா சராசரி டென்சிட்டி, அதாவது ஒரு கன மீட்டருக்கு எத்தன கிலோங்கறது வரும். 2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் உயரம்னா 0.45 கன மீட்டர், எடை 36 கிலோன்னா 80 டென்சிட்டி, அப்போ சாதா ஃபோம் இல்ல, ரீபாண்டட்டோ கனமான லேடெக்ஸோ நார் கலந்ததோ உள்ள இருக்குன்னு தெரிஞ்சுக்கலாம். அதே மெத்தை 14 கிலோதான்னா 31 கிட்ட வரும், சாதா பியூ (பாலியூரிதேன்) ஃபோம். ஸ்பிரிங் மெத்தைக்கு இந்தக் கணக்கு செல்லாது.

இன்னொண்ணு, பழசோட கெட்டித்தனத்த நடுவுல படுத்து ஞாபகம் வச்சுக்காதீங்க, அங்க பல வருஷம் அமுங்கி மாறியிருக்கும். கால்மாட்டு மூலைல யாரும் அதிகம் படுக்காத இடம் இருக்கும் பாருங்க, கையால அங்க அழுத்திப் பாத்தா புதுசா வாங்கினப்போ எப்படி இருந்துச்சோ அதுக்குக் கிட்டத்தட்ட வரும். நீங்க தேடறது அந்த மூலையத்தான்.

"ஃபர்ம்னு போட்டிருக்கு, ஆனா இடுப்பு இறங்குது"

ஃபர்ம், மீடியம் ஃபர்ம், 10க்கு 7 இதெல்லாம் எல்லா கம்பெனிக்கும் பொதுவான அளவு கிடையாது, ஒருத்தர் 7ங்கறத இன்னொருத்தர் 5ம்பாரு. ஃபோமோட உண்மையான கெட்டித்தனத்துக்கு ஒரு அளவு இருக்கு, ஐஎல்டின்னு சொல்வாங்க, 50 சதுர இன்ச் தட்டு ஒண்ண வச்சு அழுத்தி ஃபோம் அதோட கனத்துல 25 சதவீதம் உள்ள போக எத்தன பவுண்டு விசை வேணும்ங்கறது தான் அந்த எண். லேடெக்ஸ்ல 20க்குக் கீழ மெத்துமெத்துன்னு இருக்கும், 30 சுத்தி நடுத்தரம், 36க்கு மேல போனா கெட்டின்னு தோராயமா வச்சுக்கலாம். கேட்டா சில பேர் சொல்வாங்க, சில பேர் "டென்சிட்டி 40 சார், ஸ்ட்ராங்கா இருக்கும்"னு பேச்ச மாத்துவாங்க. அங்க தான் உஷாரா இருக்கணும், டென்சிட்டி வேற கெட்டித்தனம் வேற. டென்சிட்டிங்கறது ஒரு கன மீட்டர்ல எத்தன கிலோ சரக்கு இருக்குங்கறது, அது மெத்தை எத்தன நாள் உழைக்கும்னு சொல்லும், இடுப்பு இறங்குமா இறங்காதான்னு சொல்லாது. உடம்பு சூட்டுக்கு இளகற மெமரி ஃபோம் 50, 60 டென்சிட்டில கூட விரல் வச்சா உள்ள போகும், 32 டென்சிட்டி சாதா ஃபோம் கல்லு மாதிரி இருக்கலாம், ஆனா சீக்கிரம் அமுங்கிடும்.

இப்போ வீட்டுக்கு வந்துட்ட மெத்தை இறங்குதுன்னா மெத்தையக் குத்தம் சொல்றதுக்கு முன்னாடி கட்டிலப் பாருங்க. மெத்தைய எடுத்து தரைல போட்டு ரெண்டு மூணு ராத்திரி படுங்க, தரைல சரியா இருந்தா கோளாறு கட்டில்ல. பலகைக்குப் பலகை இடைவெளி 3 இன்ச்சுக்கு மேல இருந்தா ஃபோம் அந்த சந்துக்குள்ள மெல்ல இறங்கும், பெரிய கட்டில்னா நடுவுல தரை வரைக்கும் ஒரு கால் இருக்கணும், அது இல்லாம நடு சட்டம் வளைஞ்சு போன கட்டில்ல எந்த மெத்தை போட்டாலும் குழிதான். ப்ளைவுட் போட்டா சரியாகும்னு எல்லாரும் சொல்றது இந்த ஒரு கேஸுக்கு மட்டும்தான் பொருந்தும்.

தரைலயும் இறங்குதா? அப்போ மெத்தைக்குள்ளதான் பிரச்சனை, மேல் லேயரா அடி லேயரான்னு பாக்கணும். ஒரு முட்டிய மட்டும் மெத்தை நடுவுல ஊணி மெதுவா எடைய இறக்குங்க. முட்டி படக்குனு ஒண்ணரை ரெண்டு இன்ச் உள்ள போய் அதுக்கப்புறம் கெட்டியா எதிர்த்து நிக்குதுன்னா அடி நல்லா இருக்கு, மேல போட்ட மெத்து லேயர் தான் அதிகம். நிக்காம எடை ஏத்த ஏத்த இறங்கிக்கிட்டே போச்சுன்னா அடி ஃபோம் உங்க எடைக்குப் பத்தல. முதல் கேஸுக்கு வழி இருக்கு, லேயர் பிரிக்கிற மாதிரி ஜிப் கவர் இருந்தா மேல் லேயர எடுத்துட்டு ஒரு இன்ச் கெட்டி லேடெக்ஸ் ஷீட் மாதிரி எதையாவது போடலாம், சில மெத்தைல ரெண்டு பக்கமும் படுக்கற மாதிரி ஒரு பக்கம் கெட்டி ஒரு பக்கம் சாஃப்ட்னு இருக்கும், அப்படி இருந்தா திருப்பிப் போட்டா போதும், நிறைய பேருக்கு இது தெரியறதே இல்ல. ரெண்டாவது கேஸுக்கு வீட்டுல பண்ற வைத்தியம் எதுவும் கிடையாது, டாப்பர்னு மெத்தை மேல விரிக்கிற மெல்லிசு மெத்தை போட்டா குழி மேல ஒரு மெத்து குழிதான் கிடைக்கும், திருப்பிக் குடுங்க.

"கடைல கெட்டியா இருந்துச்சு, வீட்டுக்கு வந்தா இல்ல"

இது மேல மெமரி ஃபோம் இருக்கிறதுக்கான அடையாளம். 1966ல நாசாவோட ஏம்ஸ் ஆராய்ச்சி மையத்துக்காக சார்லஸ் யோஸ்ட்ங்கற இன்ஜினியர் விமான சீட் குஷனுக்குன்னு உருவாக்கின சரக்கு இது, இதோட குணமே குளிர்ல விறைச்சு நிக்கறது, உடம்பு சூடு பட்டா இளகறது. ஏசி போட்ட ஷோரூம்ல சட்டை பேண்டோட ரெண்டு நிமிஷம் படுத்தா அது இளக நேரமே இல்ல, எழுந்து வந்துட்டு சூப்பர் கெட்டின்னு சொல்லிடுவோம். வீட்டுல சூடான ரூம்ல முழு ராத்திரி படுத்தா வேற மெத்தை மாதிரி தெரியும். கடைல பாக்கும்போது குறைஞ்சது கால் மணி நேரம், நீங்க நிஜமா தூங்கற பொசிஷன்ல படுங்க, யாரு பாத்தாலும் பரவால்ல.

"முதல்ல ஜில்லுனு இருக்கு, நடு ராத்திரி வேர்க்குது"

சூட்டுப் புகாருக்கு ராத்திரி எத்தன மணிக்கு வருதுன்னு பாத்தாலே பாதி விடை கிடைச்சிடும்.

தூங்கும்போது கூட பெரியவங்க உடம்பு சுமாரா 70 வாட் வெப்பத்த வெளிய விட்டுக்கிட்டே இருக்கும், அது எங்கயாவது போயாகணும். படுத்த உடனே ஜில், ரெண்டு மணி நேரம் கழிச்சு புழுக்கம்னா உங்க மெத்தைல ஜெல்லோ, சூட்ட உறிஞ்சுற கோட்டிங்கோ இருக்கும். ஜெல் வந்து வெப்பத்த கொஞ்சம் பிடிச்சு வச்சுக்கும், அதை வெளிய கடத்தாது, உடம்பு சூட்டுக்கு அதுவும் சூடாயிட்டா வேலை முடிஞ்சது. பேஸ் சேஞ்ச் மெட்டீரியல்னு விக்கறதும் இளகற வரைக்கும் வெப்பத்த இழுக்கும், முழுசா இளகிட்டா திரும்ப ஆறி உறையற வரைக்கும் சும்மா தான் இருக்கும், நீங்க மேல படுத்திருக்கும்போது அது எங்க ஆறறது. அதனால கூலிங் ஜெல்லுக்குன்னு தனியா காசு குடுக்கறது எனக்கு சரியாப் படல, தூங்கப் போற நேரத்து சொகுசு அது, விடிய விடிய உதவாது. இங்க மாத்த வேண்டியது மேல் லேயரத்தான், ரெண்டு மூணு இன்ச் மெமரி ஃபோம் இருக்கிற இடத்துல மெல்லிசான லேடெக்ஸோ ஹெச்ஆர் ஃபோமோ (அமுக்கினா சட்டுனு எழும்பற பியூ ஃபோம்) வந்தா இறங்கறதும் குறையும் சூடும் குறையும்.

படுத்த பத்து நிமிஷத்துலயே புழுங்குதுன்னா மெத்தைய விட அதுக்கு மேல இருக்கிற துணிய சந்தேகப்படுங்க. வாட்டர்ப்ரூஃப் ப்ரொடெக்டர் பெரும்பாலும் பிளாஸ்டிக் படலம் ஒட்டின துணிதான், அதுலயும் பிவிசி படலம்னா காத்தும் போகாது வேர்வை ஆவியும் போகாது, 10 இன்ச் லேடெக்ஸ் கீழ இருந்தாலும் நீங்க படுத்திருக்கிறது பிளாஸ்டிக் மேல. ஒரே ஒரு ராத்திரி ப்ரொடெக்டர எடுத்துட்டு ரெண்டு மடிப்பு பழைய காட்டன் பெட்ஷீட் மட்டும் போட்டுப் படுங்க, வித்தியாசம் தெரிஞ்சா பதில் கிடைச்சாச்சு. மைக்ரோஃபைபர் பெட்ஷீட்டும் இதே ரகம், பாலியஸ்டர் தான் அது, தொட்டா வழவழன்னு இருக்கும் வேர்வைய வாங்காது. காட்டன்லயே நெருக்கமா கனமா நெய்ஞ்சத விட சாதா நெசவு மெல்லிசுதான் காத்தோட்டமா இருக்கும், நூல் எண்ணிக்கை அதிகம்னா ஒசத்தின்னு விக்கறது சூட்டுக்கு நேர் எதிர்.

விடியக்காலைல மட்டும் சூடுன்னா மெத்தைய விட்டுடுங்க, ரூம், போர்வை, ஏசி டைமர் இதப் பாருங்க. ரூம் குளிரா இருந்தும், எந்த மெத்தைல படுத்தாலும், துணி நனையற அளவுக்கு வேர்க்குது, கூட காய்ச்சலோ எடை குறையறதோ இருக்குன்னா இது மெத்தைப் பிரச்சனையே இல்ல, டாக்டரப் பாருங்க.

"கெட்டியும் வேணும் ஜில்லுனும் வேணும், அப்போ எது தான் வாங்கறது"

ஸ்பிரிங் உள்ள இருந்தா நீங்க புரளும்போதெல்லாம் காத்து உள்ள வெளிய போய்ட்டு வரும், சூட்டுக்கு அதை அடிச்சுக்க ஆள் இல்ல. போனெல் ஸ்பிரிங்ல எல்லா சுருளும் கம்பியால ஒண்ணோட ஒண்ணு பிணைஞ்சிருக்கும், பாக்கெட் ஸ்பிரிங்ல ஒவ்வொரு சுருளும் தனித்தனி துணிப் பைல இருக்கும், முதுகுக்கு பாக்கெட் ஸ்பிரிங் தான் நல்லது. கம்பிக்கு கேஜ்னு ஒரு எண் சொல்வாங்க, எண் குறைய குறைய கம்பி தடிமன், அதனால 13 கேஜ் 15 கேஜ விட தடிமன், இதத் தலைகீழா புரிஞ்சுக்கிட்டு வாங்கறவங்க உண்டு. ஆனா ஸ்பிரிங் மேல மூணு இன்ச் மெத்து ஃபோம் வச்சு பில்லோ டாப்னு தைச்சிருந்தா எல்லாம் போச்சு, முதல்ல அமுங்கறதே அதுதான்.

ஸ்பிரிங் பிடிக்காதுன்னா டன்லப் முறைல, அதாவது ரப்பர் பால நுரைச்சு அச்சுல ஊத்தி வேக வச்சு செஞ்ச கெட்டி லேடெக்ஸ். தலாலேங்கற இன்னொரு முறை இருக்கு, அதுல அச்சுக்குள்ள காத்த உறிஞ்சி, உறைய வச்சு அப்புறம் வேக வைப்பாங்க, அது இன்னும் காத்தோட்டமா மெத்துன்னு வரும், கெட்டி தேடறவங்களுக்கு டன்லப் தான் கிட்ட வரும். கனம் ஜாஸ்தி, ஒரு ஆளு புரட்ட முடியாது, லேடெக்ஸ் அலர்ஜி இருக்கிறவங்க பக்கமே போகாதீங்க. பழசு நார் மெத்தைன்னா நார் அடியும் மேல ஒரு இன்ச் ரெண்டு இன்ச் லேடெக்ஸும் போட்டது தான் பழக்கத்துக்கு ரொம்பக் கிட்ட வரும், நாருக்குள்ள காத்து தாராளமா போகும், என்ன, வருஷம் போகப் போக நார் நொறுங்கித் தூளாகி படுக்கற இடம் பள்ளமாகும், நார் அடர்த்தியா இருக்கான்னு பாத்து வாங்கணும். ரீபாண்டட் அடியோட மேல மெல்லிசு ஃபோம் போட்டதும் கெட்டிக்கு ஓகே, சூட்டுல நடுத்தரம்.

"கெட்டியாத் தான் இருக்கு, ஆனா தோள் வலிக்குது, கை மரத்துப் போகுது"

பக்கவாட்டுல படுக்கறவங்க புகார் இது. தோளும் இடுப்பெலும்பும் கொஞ்சமாவது உள்ள போகணும், போகலன்னா எடை மொத்தமும் அந்த ரெண்டு இடத்துல நிக்கும். ஒல்லியா இருக்கிறவங்களுக்கு அதே மெத்தை இன்னும் கல்லாத் தெரியும், பக்கத்துல படுக்கற கனமான ஆளுக்கு சரியா இருக்கும், ரெண்டு பேரும் சொல்றது உண்மைதான். இதுக்கு மெத்தைய மாத்த வேண்டாம், ஒன்றரை ரெண்டு இன்ச் லேடெக்ஸ் டாப்பர் போதும், மெமரி ஃபோம் டாப்பர் போட்டுட்டு மறுபடியும் சூடுன்னு வராதீங்க. அதுக்கும் முன்னாடி தலகாணியப் பாருங்க, பழைய மெத்தைல தோள் கொஞ்சம் இறங்கியிருந்தப்போ சரியா இருந்த உயரம், புதுசுல தோள் இறங்காததால பத்தாமப் போகும், கழுத்து தொங்கும், கை மரத்துப் போறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

"காலைல எழுந்தா கீழ் முதுகு பிடிக்குது"

எழுந்து நடமாட ஆரம்பிச்சு அரை மணி ஒரு மணி நேரத்துல விட்டுடுதுன்னா மெத்தை மேல சந்தேகப்படலாம். மல்லாந்து படுத்து இடுப்பு வளைவுக்குக் கீழ கைய விடுங்க: கை தாராளமா போய்ட்டு வருதுன்னா மெத்தை உங்களுக்கு ரொம்பக் கெட்டி, தள்ளித் திணிச்சாதான் போகுதுன்னா இடுப்பு இறங்கியிருக்கு, லேசா உரசிக்கிட்டு போனா சரி. பக்கவாட்டுல படுத்து பின்னாடி இருந்து யாரையாவது போட்டோ எடுக்கச் சொன்னா முதுகெலும்பு கோடு நேரா இருக்கா வளைஞ்சிருக்கான்னு கண்ணாலயே பாத்துடலாம்.

முதுகு வலின்னா பலகை மாதிரி கெட்டிதான் மருந்துங்கற நம்பிக்கை நம்ம எல்லாருக்கும் ஊறிப் போயிருக்கு. 2003ல தி லான்செட் மருத்துவ இதழ்ல ஒரு சோதனை வந்துச்சு, நாள்பட்ட கீழ் முதுகு வலி இருக்கிற 313 பேருக்கு பாதிக்குப் பாதி கெட்டி மெத்தையும் நடுத்தரக் கெட்டி மெத்தையும் குடுத்து 90 நாள் கழிச்சுப் பாத்தாங்க, நடுத்தரக் கெட்டி வாங்கினவங்களுக்குத் தான் வலியும், அதனால வேலை செய்ய முடியாமப் போறதும் நல்லா குறைஞ்சிருந்துச்சு. அதுல 1 ரொம்பக் கெட்டி, 10 ரொம்ப மெத்துங்கற அளவுல கெட்டி 2.3, நடுத்தரம் 5.6. அதனால பழைய மெத்தை கெட்டி, அதுல வலி இல்லங்கறதுக்காக அதை விடக் கெட்டியா ஒண்ணு வாங்கினா இன்னும் நல்லா இருக்கும்னு போகாதீங்க. வலி கால் வரைக்கும் இறங்குது, மரத்துப் போகுது, பகல்லயும் விடலன்னா மெத்தைக் கடைக்குப் போறத விட டாக்டர்கிட்ட போங்க.

"முதல் வாரம் கல்லு, இப்போ இளகிடுச்சு"

எல்லா ஃபோமும் முதல் ஒன்னு ரெண்டு மாசத்துல கொஞ்சம் இளகும், மேல் துணியும் தளரும், அது கோளாறு இல்ல. அதனாலதான் கெட்டி வேணும்ங்கறவங்க கடைல "கொஞ்சம் ஜாஸ்தியோ"ன்னு தோணுறத எடுத்தா கடைசில சரியா வந்து நிக்கும். இளகறது வேற, குழி விழறது வேற. யாரும் படுக்காதப்போ மெத்தை மேல குறுக்கால நேரான கம்பு ஒண்ண வச்சு அதுக்கும் பள்ளத்துக்கும் நடுவுல ஸ்கேல் வச்சு அளங்க. பெரும்பாலான வாரண்டில ஒரு இன்ச், ஒன்றரை இன்ச்சுக்கு மேல தானா நிக்கிற பள்ளம் இருந்தாதான் ஒத்துக்குவாங்க, நீங்க படுக்கும்போது மட்டும் இறங்குதுன்னு சொன்னா எடுபடாது. தலைமாடு கால்மாடு மாத்திப் போடறத மாசத்துக்கு ஒருதரம் பண்ணுங்க, குழி மெதுவா விழும்.

"மெத்தைக்கு அடில ஈரம், பூஞ்சை வாடை"

முழு ப்ளைவுட் மேல அல்லது தரைல ஃபோம் மெத்தை நிரந்தரமா கிடந்தா வேர்வை ஈரம் அடில போய்த் தங்கும். தரை டெஸ்ட்ட ரெண்டு மூணு ராத்திரியோட நிறுத்தச் சொன்னது இதனாலயும்தான். ப்ளைவுட்ல ஓட்டை போடுங்க, வாரம் ஒரு தடவ மெத்தைய நிமித்தி காத்தாட வைங்க, லேடெக்ஸ நேர் வெயில்ல போடக்கூடாது, காஞ்சு வெடிச்சுடும்.

ட்ரையல் டைம் இருக்கும்போதே இதெல்லாம் ஒவ்வொண்ணா பாத்துடுங்க, ஒரே நாள்ல பெட்ஷீட், தலகாணி, டாப்பர் எல்லாத்தையும் சேர்த்து மாத்தினா எது வேலை செஞ்சுதுன்னே தெரியாது. ரிட்டர்ன் பண்ணப் போற எண்ணம் இருந்தா கவர்ல கறை படாம பாத்துக்கங்க, கறை இருந்தா திருப்பி எடுக்க மாட்டேன்னு நிறைய பேர் சொல்வாங்க, அதனால ப்ரொடெக்டர எடுத்துட்டு படுக்கற அந்த ஒரு ராத்திரியும் கீழ காட்டன் ரெண்டு மடிப்பு கண்டிப்பா இருக்கட்டும்.